பிளாக்டவுன் மேயரை யார் தேர்ந்தெடுக்கிறாங்க?

2024 செப்டம்பர் 14, ஓட்டுப் போட்டுவிட்டு வந்ததும், "நீங்க போட்டவர்தான் மேயராப்பா?" என்று மகள் கேட்டாள். நல்ல கேள்வி.

சிட்னி சிட்டியில் லார்டு மேயரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். பிளாக்டவுனில் அப்படியில்லை. 5 வார்டுகள், வார்டுக்கு 3 பேர். அந்த 15 கவுன்சிலர்கள் கூடித்தான் 2 வருஷத்துக்கு மேயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சென்னையில் 2022-ல் பிரியா மேயரானதும் கவுன்சிலர்கள் மூலமாகத்தான்.

ஆகவே 55 டாலர் அபராதத்துக்குப் பயந்து ஏதோவொரு கட்டத்தில் 1 போட்டால் போதாது. குப்பைத் தொட்டி, பார்க், லைப்ரரியில் தமிழ்ப் புத்தகம் எல்லாம் இவர்கள் கையில். பி.ஆர். மட்டும் உள்ள தாத்தா பாட்டிக்கு ஓட்டில்லை; அவர்களுக்காகவும் நாம்தான் கேட்கணும்.

அடுத்த தேர்தல் 2028-ல். அதுக்குள்ள பிள்ளைகளை ஒருநாள் கவுன்சில் கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கலாம்.