சிறைவாசலும் கல்லூரி வாசலும்

நாட்டின் மனிதவளத்தைக் கணக்கிடும்போது, சிறையிலிருந்து திரும்பும் இளைஞர்களை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தனர். இவர்களுள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, நால்வரில் மூவர் வழக்கு முடிவடையாதவர்கள். சிறை சென்றோரில் மிகப் பெரும்பாலோர் ஒரு நாள் சமுதாயத்திற்குத் திரும்புகின்றனர். அவர்கள் கல்வியைத் தொடர வழிசெய்வது கருணைச் செயல் மட்டுமன்று. வளர்ச்சிப் பணியின் ஓர் அங்கமும் ஆகும்.

சித்தூர், திருப்பதி வட்டாரம்

1954இல் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தாலும், 1983இல் தோன்றிய பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகத்தாலும் திருப்பதி உயர்கல்வி மையமாக வளர்ந்தது. இதே வட்டாரத்தின் சேஷாசலக் காடுகளில் செம்மரம் வெட்டியதாகக் கைதானோரில், ஜவ்வாது மலைப் பகுதியிலிருந்து கூலிக்கு வந்த தமிழர் பலர். மொழி அறியாத ஊரில் வழக்கு; ஜாமீனுக்கு ஆள் கிடைப்பது அரிது; விடுதலைக்குப் பின்னும் வாய்தாதோறும் பயணம். படிக்கும் வயதில் ஒருவன் இவ்வாறு சிக்கினால், தீர்ப்பு வருமுன்னரே அவனது கல்வி முறிந்துவிடுகிறது.

சட்டம் கூறுவது

ஆந்திரப் பிரதேசத்திலிருந்து சென்ற முகமது கியாசுதீன் வழக்கில், நீதிபதி கிருஷ்ணய்யர் 1977இல், தண்டனையின் நோக்கம் திருத்தமே என வலியுறுத்தினார். 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி விடுவிக்கப்பட்டவரைத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு பாதிக்காது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும், சில கடுங்குற்றங்கள் நீங்கலாக, சிறார்க்கு இப்பாதுகாப்பை அளிக்கிறது. இவர்களது பழைய வழக்கைச் சேர்க்கைக்குத் தடையாகக் கொள்வது இச்சட்டங்களின் நோக்கத்திற்கே முரணானது.

அறுபடும் இழை

சிறைக்குள் கல்விக்கு வழி உண்டு. 1982இல் ஆந்திராவில் தொடங்கப்பெற்று, பின்னர் டாக்டர் அம்பேத்கர் பெயர் பெற்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 1985இல் நிறுவப்பெற்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தொலைநிலைக் கல்விக்கு வழி திறந்தன. பின்னது சிறைவாசிகளுக்குக் கட்டண விலக்கும் அளித்துள்ளது. ஆயினும், விடுதலையாகும் நாளில் இந்த இழை அறுபடுகிறது. மாற்றுச் சான்றிதழ் பழைய கல்லூரியில் இருக்கும். நன்னடத்தைச் சான்று தரத் தயக்கம் எழும். கட்டணத்திற்கும் தங்குமிடத்திற்கும் வழியிராது.

இங்கு 2021இல் ஏற்பட்ட கல்வி மதிப்பெண் வங்கி பயன்படும். ஒரு நிறுவனத்தில் ஈட்டிய மதிப்பு அலகுகளை மற்றொன்றுக்கு மாற்ற இது இடமளிக்கிறது. பொதுவாக, அவை ஏழு ஆண்டுகள் வரை செல்லும். சிறையில் முடித்த இரு பருவங்கள் வெளியே வீணாக வேண்டியதில்லை.

செய்யத்தக்கவை

சிறைக் கண்காணிப்பாளர் விடுதலைக்கு முன்னரே கல்விச் சான்றுகளைத் திரட்டித் தரலாம். கல்லூரி முதல்வர், வழக்கின் விவரம் வகுப்பறையில் பரவாது காக்கலாம். சமூக நலத்துறையினர், தகுதியுடையோரை உதவித்தொகைக்கும் விடுதிக்கும் பரிந்துரைக்கலாம். வாய்தா நாட்களுக்கு வருகைப் பதிவில் தளர்வு அளித்தல் நலம்.

அமெரிக்காவில் 1994இல் சிறைவாசிகளுக்கு நிறுத்தப்பட்ட கல்லூரி உதவித்தொகை 2023 ஜூலையில் மீண்டும் வழங்கப்பட்டது. சிறைக் கல்வி பெற்றோர் மீண்டும் குற்றம் புரியும் சாத்தியம் குறைவு என்பதை அங்கு நடந்த ஆய்வுகள் காட்டின. கல்விக்குச் செலவிடும் பணம், பின்னர் காவலுக்கும் சிறைக்கும் ஆகும் செலவைக் குறைக்கும். நம் அலுவலர்கள் இக்கணக்கை உணர்ந்தால், சிறைவாசலுக்கு வெளியே நிற்கும் மாணவனுக்குக் கல்லூரி வாசல் தொலைவாக இராது.