மருந்தும் உழைச்செல்வானும்

பிணி தீர்க்கும் பணியிலே பங்குகொள்வோர் யாவர் என வினவினால், நோயாளி, வைத்தியர், மருந்து என்னும் மூன்றையே நம்மிற் பலர் எண்ணிச் சொல்வர். திருவள்ளுவரோ மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறளிலே நான்கு கூறுகளை எண்ணுகிறார். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றுடன் நில்லாது, அருகிருந்து மருந்தை ஆக்கிக் கொடுப்பவனையும் அவர் 'உழைச்செல்வான்' என்று சேர்த்துக்கொள்கிறார். வைத்தியரின் நுண்ணறிவும் மருந்தின் வீரியமும் இந்த நான்காமவரின் கை வழியாகவே நோயாளியை அடைகின்றன. அந்தக் கை தவறுமாயின் ஏனைய மூன்றும் வீணே.

இக்காலத்தில் உழைச்செல்வான் என்பவர் தாதியாக இருக்கலாம். மருந்தாளராகவோ மருத்துவ உதவியாளராகவோ இருக்கலாம். வீட்டிலே முதிய தந்தைக்குக் குளிசை எடுத்துக் கொடுக்கும் மகளாகவும் இருக்கலாம். அவர் அறிந்திருக்கவேண்டிய மருந்தியல் பெரிதன்று. ஆனால் அதை அறியாதிருத்தல் பெருங் கேடாகும்.

அளவு என்னும் எல்லை

இங்கிலாந்து தேசத்து வைத்தியரான வில்லியம் விதரிங், 1785 ஆம் ஆண்டிலே பொக்ஸ்குளோவ் என்னும் பூஞ்செடியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நீர்க்கோவையினால் உடல் வீங்கியோருக்கு மூதாட்டி ஒருத்தி கொடுத்துவந்த பச்சிலைக் கலவை அவர் கவனத்துக்கு வந்தது. அதிலே இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகள் இருந்தன. அவற்றுள் வேலை செய்வது இந்த ஒரு செடியே என அவர் தேர்ந்தார். பின்னர் ஏறக்குறைய பத்தாண்டு காலம் அதன் அளவை ஆராய்ந்தார். அளவு மிகுந்தால் குமட்டல் உண்டாகும், நாடி மெலிந்து தளரும், காண்பன மஞ்சளாகவும் பச்சையாகவும் தோன்றும் என்பவற்றையெல்லாம் கண்டு எழுதிவைத்தார்.

அச்செடியின் வழிவந்த டிஜொக்சின் இன்றும் இருதய நோயாளருக்குக் கொடுக்கப்படுகிறது. அதிலே நலஞ்செய்யும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையேயுள்ள தூரம் மிகச் சிறிது. ஆகவேதான் அதனைக் கொடுக்குமுன் ஒரு நிமிடம் முழுவதும் நாடியை எண்ணவேண்டுமென்று தாதியருக்குக் கற்பிக்கின்றனர். வளர்ந்தவரின் நாடி அறுபதுக்குக் குறைந்திருந்தால் மருந்தை நிறுத்திவைத்து வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். விதரிங் கண்டறிந்த உண்மை இன்று ஒரு தாதியின் விரல் நுனியிலே காவல் நிற்கின்றது.

உடலுக்குள்ளே ஒரு பயணம்

விழுங்கிய குளிசை குடலில் உறிஞ்சப்பட்டு முதலில் ஈரலை அடைகிறது. ஈரல் அதன் ஒரு பகுதியைச் சிதைத்துவிட்டு எஞ்சியதையே உடலெங்கும் செல்ல விடுகிறது. நெஞ்சு நோவுக்கான கிளிசரில் மருந்தை நாவின் கீழ் வைக்கச் சொல்வதன் காரணம் இதுவே. விழுங்கினால் ஈரலிலே பெரும்பகுதி அழிந்துபோகும். நாவின் கீழ் கரைந்தால் நேரே இரத்தத்தில் கலக்கும். இன்சுலினோ ஒரு புரதம். அதை உண்டால் வயிறு உணவைப்போலச் செரித்துவிடும். ஆதலால் ஊசி வேண்டியதாயிற்று.

உட்சென்ற மருந்து வெளியேறவும் வேண்டும். இரத்தத்திலுள்ள அளவு பாதியாகக் குறையச் செல்லும் காலத்தை அரை ஆயுட்காலம் என்பர். பரசிற்றமோலுக்கு அது இரண்டு மூன்று மணித்தியாலம்; டிஜொக்சினுக்கோ ஏறக்குறைய ஒன்றரை நாள். முன்னதை ஒரே நாளிற் பலமுறை கொடுப்பதும் பின்னதைப் பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறை கொடுப்பதும் இதனாலேயாம். டிஜொக்சினை வெளியேற்றுவது பெரும்பாலும் சிறுநீரகமே. முதுமையிலோ நோயிலோ சிறுநீரகம் தளர்ந்தால், நேற்றைய மருந்து வெளியேறுமுன் இன்றைய மருந்து வந்து சேரும். அளவு மாறாதிருக்கவே, உடல் நஞ்சேற்றுக்கொள்ளும்.

ஐந்து வினாக்கள்

உரிய நோயாளியா? உரிய மருந்தா? உரிய அளவா? உரிய வழியா? உரிய நேரமா? மருந்து கொடுப்போர் தம்முள் கேட்டுக்கொள்ளவேண்டிய வினாக்கள் இவை ஐந்து.

ஒரே விடுதியில் இரண்டு கந்தையாக்கள் படுத்திருத்தல் நம் நாட்டிலே புதுமையன்று. கட்டிலின் இலக்கத்தை நம்பாது, நோயாளியின் வாயாலேயே முழுப்பெயரைச் சொல்விக்கவேண்டும். "நீங்கள் கந்தையாவா?" என்று கேட்டால், மயக்கத்திலிருப்பவர் எதற்கும் ஆமென்றே தலையசைப்பார்.

அளவிலே ஒரு புள்ளி உயிரைக் காக்கும். ஒரு புள்ளி உயிரைக் கொல்லும். '1.0' என எழுதினால், புள்ளி மங்கியவிடத்து அது பத்தாகிவிடும். '.5' என எழுதினால் ஐந்தாகிவிடும். எனவே முழு எண்ணின் பின் புள்ளியும் பூச்சியமும் இடலாகாது. பின்னத்தின் முன் பூச்சியத்தை விடலாகாது. மில்லிகிராமுக்கும் மைக்கிரோகிராமுக்கும் இடையே ஆயிரம் மடங்கு வேறுபாடு உண்டு. கணக்கின் விடை ஒரே வேளைக்குப் பத்துக் குளிசை என்று வருமானால், கணக்கையே ஐயுறுதல் வேண்டும்.

வழியும் அவ்வாறே. பொற்றாசியம் குளோரைட்டை நீர்க்கச் செய்து மெதுவாக ஏற்றினால் உடலின் குறை தீரும். அதையே நேரே விரைந்து செலுத்தினால் இருதயம் நின்றுவிடும். நேரத்துக்கு மெதோட்ரெக்சேற் சான்று. மூட்டுவாத நோய்க்கு அது வாரத்தில் ஒரு நாள் மட்டும் கொடுக்கப்படுவது. அதைத் தவறுதலாக நாள்தோறும் உட்கொண்டு இறந்தோர் பல நாடுகளில் உளர்.

பெயரிலே மறைந்த ஆபத்து

உரிய மருந்தா என்னும் வினாவுக்கு விடை காண்பது எளிதன்று. ஒரே மருந்துக்குப் பல வணிகப் பெயர்கள் உண்டு. காய்ச்சலுக்குப் பனடோலும், தடிமனுக்கு வேறொரு குளிசையும் உட்கொள்பவர், இரண்டிலும் பரசிற்றமோல் இருப்பதை அறியார். வளர்ந்தவர் ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல், அதாவது 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல், உட்கொள்ளலாகாது. மிஞ்சினால் ஈரல் கெடும். அக்கேடு முதல் நாளிலே தெளிவாக வெளிப்படாமை அதனினும் கொடிது.

இந்தப் பெயர்க் குழப்பத்தை எதிர்த்து நின்றவர் இலங்கையின் மருந்தியற் பேராசிரியர் செனக பிபிலே. மருந்துகளை வணிகப் பெயரால் அன்றி அவற்றின் பொதுப்பெயரால் எழுதவேண்டும், தேவையானவற்றை மட்டும் வாங்கவேண்டும் என்பது அவர் கொள்கை. 1971 இல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவரே. அவர் மறைந்த 1977 ஆம் ஆண்டிலேயே உலக சுகாதார நிறுவனமும் அத்தியாவசிய மருந்துகளின் முதற் பட்டியலை வெளியிட்டது.

விளங்கும் மொழியிலே சொல்லுதல்

1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே தமிழ் மாணாக்கருக்கு மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 'இரணவைத்தியம்', 'வைத்தியாகரம்', 'கெமிஸ்தம்' முதலாய நூல்கள் அம்முயற்சியின் பயன்கள். மக்களிடையே இருந்து மருந்து கொடுப்பவன் அம்மருந்தைத் தன் மொழியிலே விளங்கிக்கொள்ளவேண்டும் என்பதே அதன் உட்கருத்து.

அக்கருத்து இன்றும் பழுதுபடவில்லை. மருந்துறையின்மேல் எழுதப்பட்ட இரண்டோர் ஆங்கில எழுத்துகளைப் பாட்டி ஒருத்தி எவ்வாறு அறிவாள்? "இது இரத்த அழுத்தத்துக்கு, காலையிலே ஒன்று, தலைசுற்றினால் வந்து சொல்லுங்கோ, அம்மா" என்று சொல்லி, அதை அவள் வாயாலே திருப்பிச் சொல்லக் கேட்கும் வரையில், மருந்து கொடுத்தல் நிறைவெய்தாது. ஐயமுற்ற உதவியாளர் வைத்தியரை மறுபடி கேட்பதிலும் இழுக்கில்லை. கேட்கக் கூசிய ஒரு கணம் ஓர் உயிரின் விலையாகலாம். வைத்தியரும் அக்கேள்வியைச் சினவாது வரவேற்பாராயின், நான்கு கூறுகளும் ஒன்றுகூடி நோயைத் தீர்க்கும்.