கடன் நோட்டில் ஏறும் வைத்தியச் செலவு

ஒரு வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால், டாக்டருக்கு அடுத்தபடியாக அது தெரிவது மளிகைக் கடைக்காரருக்குத்தான். ஒரு லிட்டர் எண்ணெய் அரை லிட்டராகும். முதல் தேதியில் தீரும் பாக்கி அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போகும்.

செம்மங்குப்பம் பக்கம் நாங்கள் சரக்குப் போடும் சிறிய கடை ஒன்று உண்டு. நாணயமான கை. சில வருடங்களுக்கு முன் மூன்று மாதம் தொடர்ந்து பணம் வரவில்லை. ஆள் அனுப்பிக் கேட்டோம். பிறகு சரக்கையும் நிறுத்தினோம். அதன் பிறகுதான் விஷயம் தெரிந்தது. கடைக்காரரின் மனைவிக்குத் தனியார் மருத்துவமனையில் இருதய ஆபரேஷன். நகை அடகுக்குப் போய், கடை முதலும் கரைந்துவிட்டது. அரசின் காப்பீட்டு அட்டை இருந்திருந்தால் பெரும் பகுதி மிச்சமாகியிருக்கும். அவருக்கு அதைச் சொல்வார் இல்லை. நாங்களும் பாக்கியைக் கேட்டோமே தவிர, காரணத்தைக் கேட்கவில்லை.

மத்திய அரசின் கணக்குப்படி, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 100-க்கு 64 ரூபாயை 2013-14-இல் மக்களே கையிலிருந்து கொடுத்தார்கள். 2021-22-இல் அது 39 ரூபாயாகக் குறைந்தது. அந்த 39 ரூபாய்தான் அடகுக் கடைக்கும் நம் கடன் நோட்டுக்கும் வந்து சேர்கிறது.

இதைக் குறைக்க நம் மாநிலத்தில் வழிகள் உண்டு. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடக்கிறது. 72,000 ரூபாயாக இருந்த ஆண்டு வருமான வரம்பு பின்னர் 1,20,000 ஆயிற்று. காப்பீட்டுத் தொகையும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சமாக உயர்ந்தது. குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் பதிய வேண்டும்.

ஆனால் இது மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குத்தான். மாதாமாதம் வாங்கும் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைக்கு உதவாது. அதற்கு அரசு மருத்துவமனை இருக்கிறது. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்து அனுப்பும் மருந்து அங்கே இலவசம். மொத்தக் கொள்முதலின் லாபம் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அண்ணாமலைநகரில் உள்ள ராஜா முத்தையா மருத்துவமனையும் 2021-இல் அரசு சுகாதாரத் துறையின் கீழ் வந்துவிட்டது.

வருமான வரம்பைத் தாண்டிய வியாபாரிகளின் நிலைதான் சிக்கல். நமக்கு முதலாளியும் இல்லை, ஈ.எஸ்.ஐ.யும் இல்லை. ஆபத்து வந்தால் கல்லாவில்தான் கை வைப்போம். அங்கே இருப்பதோ பாதி மொத்த வியாபாரிக்குச் சேர வேண்டிய பணம். ஆகவே உடம்பு நன்றாக இருக்கும்போதே குடும்பத்துக்கு ஒரு பாலிசி எடுப்பது நல்லது. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காப்பீடு கிடைக்க வருடக்கணக்கில் காத்திருக்க நேரும். தனிநபர், குடும்ப மருத்துவப் பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டுவிட்டது.

கடைக்கு வரும் வாடிக்கையாளரிடம், "காப்பீட்டு அட்டை எடுத்துவிட்டீர்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பாக்கி நின்றால், வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று முதலில் விசாரியுங்கள். அந்தச் சிறிய கடைக்கு நாங்கள் மறுபடியும் சரக்குக் கொடுத்தோம். பழைய பாக்கி சிறுகச் சிறுகத் தீர்ந்தது. அடகு வைத்த நகை மட்டும் திரும்பவில்லை.