எலும்பிடம் கேட்டுப் பாருங்கள்

இங்கிலாந்தில் 700 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த உழவர்கள் வருடத்துக்கு 150 நாள்தான் வேலை செய்தார்களாம். மிச்ச நாளெல்லாம் திருவிழாவும் ஓய்வுமாம். இப்படி ஒரு செய்தியை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். 'அடடா, கொடுத்துவைத்தவர்கள்!' என்றுகூடத் தோன்றியிருக்கும். திருவிழாக்கள் நிறைய இருந்தது உண்மைதான். ஆனால் பண்ணையார் நிலத்தில் செய்த வேலையும் கூலி வேலையும்தான் ஏட்டில் ஏறின. சொந்த நிலத்தை உழுததையும், விறகு வெட்டியதையும், தண்ணீர் சுமந்ததையும், நூல் நூற்றதையும் யார் எழுதிவைத்தார்கள்?

உடம்பு எழுதிவைத்தது. எலும்பு உயிருள்ள பொருள். எந்த இடத்தில் பாரம் அதிகமாக விழுகிறதோ அந்த இடத்தில் அது தன்னைக் கெட்டியாக்கிக்கொள்ளும். பாரம் எல்லை மீறினால் தேயும், பள்ளம் விழும், முறியும். முறிந்து கூடிய தழும்பு, ஆள் இறந்து பல நூறு ஆண்டுகள் ஆன பிறகும் தெரியும்.

யார்க்‌ஷயரில் வாரம் பெர்சி என்று ஓர் இங்கிலாந்துக் கிராமம் இருந்தது. சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் ஊரே காலியாகி, உழுத நிலமெல்லாம் ஆடு மேயும் புல்வெளியாகிவிட்டது. அந்தக் காலக் கட்டடங்களில் இன்று இடிந்த தேவாலயம் ஒன்றுதான் நிற்கிறது. 1950இல் தொடங்கி நாற்பது ஆண்டுகள், கோடைதோறும் அங்கே அகழாய்வு நடந்தது. தேவாலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் கிட்டத்தட்ட 700 பேரின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. அவர்களில் பெரும்பாலோர் சாதாரணக் குடியானவர்கள்.

அவற்றில் சிறுவர்களின் எலும்புகளும் இருந்தன. ஒரு சிறுவனுக்கு என்ன வயது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பல்லைப் பார்க்க வேண்டும். சாப்பாடு சரியாகக் கிடைக்காவிட்டாலும் பல் ஏறக்குறைய உரிய காலத்தில் வளர்ந்துவிடும். எலும்பு அப்படியல்ல, பசி வந்தால் அதன் வளர்ச்சி தள்ளிப்போகும். ஆகவே பல்லில் வயதைப் பார்த்து, தொடை எலும்பில் உயரத்தைக் கணக்கிட்டார்கள். அங்கே 14 வயதுப் பிள்ளை, இன்றைய 10 வயதுப் பிள்ளையின் உயரம்தான் இருந்தது!

ஏன் இப்படி? ஒரு படி கோதுமை விதைத்தால் நாலு படி விளைந்த காலம் அது. அந்த நாலில் ஒரு படியை அடுத்த விதைப்புக்கு எடுத்துவைக்க வேண்டும். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு தேவாலயத்துக்கு. பண்ணையாருக்குக் கொடுக்க வேண்டியது தனி. மழை பொய்த்தாலும் கஷ்டம், கொட்டித் தீர்த்தாலும் கஷ்டம். 1315இல் விடாமல் பெய்த மழையில் பயிர் அழுகி, வடக்கு ஐரோப்பா முழுவதும் பெரும்பஞ்சம் வந்தது.

அடுத்தது புகை. வீட்டு நடுவில் அடுப்பு எரியும், புகைபோக்கி கிடையாது. வாரம் பெர்சிக்காரர்களில் 100க்கு 39 பேருடைய மேல்தாடை எலும்புக்குள், சைனஸ் அழற்சியின் தடம் இருந்தது. பக்கத்து யார்க் நகரத்தில் ஏழைகள் வாழ்ந்த பகுதியில் அது 55 பேர். பட்டறைப் புகையும் தூசும் சேர்ந்துகொண்டதால், நகரத்து மூக்கின் பாடு இன்னும் மோசம்.

கேம்பிரிட்ஜ் நகரத்தில் மூன்று இடைக்கால இடுகாடுகளிலிருந்து 314 பேரின் எலும்புகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த ஆய்வு 2021இல் வெளியானது. உழைப்பாளிகளைப் புதைத்த இடத்தில் 44 சதவீதம் பேருக்கு எங்காவது ஓர் எலும்பு முறிந்திருந்தது. துறவிகளின் மடத்து இடுகாட்டில் 32 சதவீதம். துறவிகளுக்கும் அவ்வளவா என்று கேட்காதீர்கள். ஒருவருக்கு இரண்டு தொடையும் முறிந்திருந்தன, வண்டி மோதியிருக்கலாம் என்கிறார்கள்.

சரி, இன்றைக்கு வருவோம். சிமெண்ட் மூட்டை 50 கிலோ. அதை இறக்கும் தொழிலாளியைக் கவனித்திருக்கிறீர்களா? கையில் ஏந்தி நடக்க மாட்டார், தலையிலோ முதுகிலோ ஏற்றிக்கொள்வார். அவர் செய்வது நல்ல இயற்பியல். சீசா பலகை விளையாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். குனிந்து 20 கிலோவை முதுகெலும்புக்கு 40 சென்டிமீட்டர் முன்னால் பிடித்தால், அதைச் சமன் செய்யும் முதுகுத் தசை வெறும் 5 சென்டிமீட்டர் பின்னால்தான் இருக்கிறது. நாற்பதை ஐந்தால் வகுத்தால் எட்டு. அப்படியானால் தசை 160 கிலோ அளவுக்கு இழுத்தாக வேண்டும்! அவ்வளவு அழுத்தமும் விழுவது முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தென்ற வட்டுகளில். அழுத்தம் மிஞ்சினால் வட்டு பிதுங்கி எலும்பில் குழி விழும். இடைக்கால எலும்புக்கூடுகளில் இந்தக் குழி சர்வசாதாரணம். இன்றும் ஸ்கேனில் அதே குழியை மருத்துவர்கள் பார்க்கிறார்கள்.

இயந்திரம் வந்து எதையும் மாற்றவில்லையா? மாற்றியது. நாள் முழுக்க உழைக்கும் மனிதரின் சக்தி ஏறக்குறைய 75 வாட். 40 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்று 400 பேருக்குச் சமம். உழவின் பாரத்தை அது வாங்கிக்கொண்டது, பஞ்சத்தையும் விரட்ட உதவியது.

ஆனால் வெயிலை அது வாங்கிக்கொள்ளவில்லை. தசை செலவழிக்கும் ஆற்றலில் நாலில் ஒரு பங்குதான் வேலையாகிறது, மிச்சம் சூடு. வியர்வை ஆவியாகித்தான் அந்தச் சூட்டை வெளியேற்ற வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது. குளிர்ந்த யார்க்‌ஷயர் உழவருக்கு இந்தத் தொல்லை குறைவு. இந்த ஒரு விஷயத்தில் சாலை போடுபவரும் செங்கல் சூளைத் தொழிலாளியும் அவரைவிட அதிகம் படுகிறார்கள் என்பதே என் எண்ணம். உலகில் 240 கோடித் தொழிலாளர்கள் வேலையின்போது அளவுக்கு மீறிய வெப்பத்தைச் சந்திக்கிறார்கள் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2024இல் சொன்னது.

தூசும் போகவில்லை, இயந்திரம் அதை இன்னும் நுணுக்கிவிட்டது. கிரானைட்டை மின்சாரக் கட்டரால் அறுக்கும்போது கிளம்பும் சிலிக்காத் தூள், மூக்கில் நிற்காமல் நுரையீரலின் அடிவரை போகும். அதனால் வரும் சிலிகோசிஸ் நோயைக் குணமாக்க மருந்து கிடையாது. ஆனால் தண்ணீர் விட்டுக்கொண்டே அறுத்தால் தூசில் பெரும்பகுதி அடங்கிவிடும். உங்கள் வீட்டில் கல் பதிக்கும் வேலை நடந்தால், அறுக்கும் இடத்துக்குத் தண்ணீர் தாராளமாகக் கிடைக்க ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். அறுப்பவர் குடிக்கவும் சேர்த்து.