கூட்டாளியின் கையில் என்ன இருக்கு?

குட்டீஸ்... 2018ல், ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த பிரணாப் பர்தனின் வயது 60. அவருடைய ஜோடி ஷிப்நாத் சர்க்காருக்கு 56! இவர்கள் ஓடவும் இல்லை, தாண்டவும் இல்லை. உட்கார்ந்து சீட்டு ஆடினர். அந்த ஆட்டத்தின் பெயர் பிரிட்ஜ்.

நான்கு பேர், இரண்டு கட்சி. எதிரெதிரே உட்காருபவர்கள் கூட்டாளிகள். ஆளுக்கு 13 சீட்டு. ஒரு சுற்றில் ஜெயித்தால் ஒரு பிடி. முதலில், எத்தனை பிடி எடுப்போம் என்று ஏலம் நடக்கும். ஏலம் எடுத்தவரின் கூட்டாளி, தன் சீட்டுகளை மேஜையில் விரித்துவிட்டு சும்மா இருப்பார். அவர்தான், 'டம்மி!'

இப்போது நீங்கள் தடுக்கும் கட்சி. எதிராளி, துருப்பு இல்லாமல் ஒன்பது பிடி எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் கட்சிக்கு ஐந்து கிடைத்தால் அவர் காலி. உங்கள் ஹார்ட்டின் பத்து ஒரு பிடியை ஜெயித்துவிட்டது. இன்னும் நான்கு வேண்டும். அடுத்த சீட்டை நீங்கள்தான் இறக்க வேண்டும்.

உங்களிடம் டைமனில் ஏஸ், ராணி, ஜாக்கி, பத்து. கிளாவரில் ராஜா, ராணி, ஜாக்கி, பத்து. டைமன் ராஜாவும், கிளாவர் ஏஸும் டம்மியில் இல்லை. கூட்டாளியிடம் டைமன் ராஜா இருந்தால், டைமன் இறக்க வேண்டும். கிளாவர் ஏஸ் இருந்தால், கிளாவர். மாற்றிப் போட்டால், எதிராளி அதைப் பிடித்துக்கொண்டு தன் ஒன்பதையும் எடுத்து விடுவார்.

பூவா, தலையா போடலாமா? வேண்டாம்... கூட்டல், கழித்தல் போதும்!

ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக்கி 1. இது பிரிட்ஜ்காரர்கள் போடும் மதிப்பு. ஒரு கட்டில் மொத்தம் 40. உங்கள் கையில் 13. டம்மியில் எண்ணிப் பாருங்கள்... 9. மீதி 18, மறைந்திருக்கும் இரண்டு கைகளில்.

ஏலத்தை எதிராளி, 'துருப்பு இல்லாமல் ஒன்று' என்று ஆரம்பித்தார். அவர்கள் முறைப்படி, அப்படிச் சொல்ல 15 முதல் 17 வரை வேண்டும். (இதில் ரகசியம் கிடையாது. அர்த்தம் கேட்டால் சொல்லியே ஆக வேண்டும்!) குறைந்தது 15 அவரிடம். அப்படியானால், கூட்டாளிக்கு அதிகபட்சம் 3.

ஏஸுக்கு 4 ஆயிற்றே... எனவே, அது கூட்டாளியிடம் இருக்கவே முடியாது. ராஜா இருக்கலாம். நிச்சயம் இல்லைதான், ஆனால், பிழைக்க அது ஒன்றுதான் வழி.

டைமன் ராணியை இறக்குங்கள். எதிராளி சின்ன சீட்டு போடுகிறார். அடுத்து கூட்டாளி... ராஜா!