மோட்டார் வண்டியில் மின் இரைச்சல்: கண்டறிதலும் வடிகட்டுதலும்

காவிரியாறு இரு கிளைகளாகப் பிரிந்து மீண்டும் கூடும் இடத்தில் அமைந்த தீவு, மைசூரை அடுத்த ஸ்ரீரங்கப்பட்டணம். ஆற்றின் மேற்புறத்தில் கிருஷ்ணராஜ சாகர அணை இருக்கிறது. அணையிலிருந்து மிகுதியான நீர் திறந்துவிடப்படும் காலங்களில் கரையோரத் தாழ்நிலங்களில் வாழ்வோரை முன்கூட்டியே எச்சரிப்பது இன்றியமையாத பணியாகும். ஒலிபெருக்கி பொருத்திய வண்டியும் அதிலுள்ள வானொலிப் பெட்டியும் இத்தகைய பணிக்குப் பெரிதும் உதவுவன. திறக்கப்படும் நீரின் அளவோ, விலகிச் செல்ல வேண்டிய நேரமோ இரைச்சலில் மூழ்கிவிடுமானால் அறிவிப்பின் பயன் கெடும். ஆகவே, வண்டியின் மின்சாரத்தில் இரைச்சல் தோன்றும் விதத்தையும் அதனை நீக்கும் முறையையும் களப்பணியாளர் அறிந்திருத்தல் நலம்.

பழைய சிக்கல்

இச்சிக்கல் புதியதன்று. 1930-களில் மோட்டார் வண்டிகளில் வானொலிப் பெட்டிகள் பொருத்தப்பட்டபோதே, எஞ்சினின் தீப்பொறிகள் ஒலியைக் கெடுப்பது தெரியவந்தது. வானொலி இடையூறுகளை ஆராய்ந்து அளவுகளை வகுப்பதற்கென 1934-இல் ‘சிஸ்பர்’ என்னும் சர்வதேசக் குழு நிறுவப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டில்தான், மைசூர் மகாராஜா கல்லூரிப் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி தமது வானொலி நிலையத்தைத் தொடங்கினார். ‘ஆகாசவாணி’ என்னும் பெயர் வழக்கிற்கு வந்தது அந்நிலையத்தினால்தான்.

இரைச்சலின் பிறப்பிடங்கள்

வண்டியின் பாட்டரி ஏறக்குறைய 12 வோல்ட்டு நேர்மின்சாரத்தை அளிக்கிறது. எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் அதனை 14 வோல்ட்டு அளவில் மின்னேற்றம் செய்கிறது. இந்த மின்னழுத்தம் முற்றிலும் சீரானதன்று; ஏரி நீரின்மேல் சிற்றலைகள் எழுவதுபோல அதன்மீதும் சிறு அலைகள் படிந்திருக்கும். அவையே ஒலிபெருக்கியில் இரைச்சலாகக் கேட்கின்றன. அவற்றின் ஓசையைக் கொண்டே பிறப்பிடத்தை ஓரளவு ஊகிக்கலாம்.

‘டக் டக்’ என்று கேட்டு, எஞ்சினின் வேகத்துடன் விரைவுபடும் ஓசை தீப்பொறியால் வருவது. நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் நிமிடத்திற்கு 900 முறை சுழலும்போது வினாடிக்கு 30 பொறிகள் தோன்றும். டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. ஆதலால் டீசல் வண்டியில் இத்தகைய ஓசைக்கு வேறு காரணத்தையே தேட வேண்டும்.

வேகத்துடன் சுருதி ஏறும் ‘ஊய்’ என்ற ஒலி ஆல்டர்னேட்டரைச் சார்ந்தது. பெரும்பாலான ஆல்டர்னேட்டர்களில் 12 காந்த முனைகள் உள்ளன. அதன் மும்முனை மின்சாரத்தை டையோடுகள் நேர்மின்சாரமாக்கும்போது ஒரு சுற்றுக்கு 36 சிற்றலைகள் உண்டாகும். அது எஞ்சினைப்போல் இரண்டரை மடங்கு வேகத்தில் சுழல்வதாகக் கொண்டால், மேற்கூறிய 900 சுற்று நிலையில் வினாடிக்கு 1,350 அலைகள் தோன்றும். இது செவிக்கு நன்றாகக் கேட்கும் ஒலியாகும்.

கண்ணாடி துடைப்பான், காற்றாடி ஆகியவற்றின் மோட்டார்கள் கரகரப்பை எழுப்பும். கைப்பேசிக்கு மின்னேற்றும் கருவிகளும் எல்.இ.டி. விளக்குகளும் மின்சாரத்தை மிக வேகமாக இணைத்துத் துண்டிப்பதால், மத்திய அலை வானொலியில் ‘உஸ்’ என்னும் சீற்றத்தை உண்டாக்கக்கூடும்.

கண்டறியும் முறை

வடிகட்டியை வாங்குமுன் பின்வரும் சோதனைகளை வரிசையாகச் செய்தல் வேண்டும்.

முதலாவதாக, எஞ்சினை நிறுத்தி வானொலியைக் கேட்க வேண்டும். இரைச்சல் அப்போதும் நீடித்தால், அது வெளியிலிருந்து வருவதாகவோ, இயங்கிக்கொண்டிருக்கும் வேறொரு கருவியால் எழுவதாகவோ இருக்கும். பெங்களூர்-மைசூர் இருப்புப்பாதை ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையினூடே செல்கிறது. அதன்மேல் 25,000 வோல்ட்டு மின்கம்பி ஓடுகிறது. இத்தகைய இடங்களில் வண்டியைச் சற்றுத் தொலைவிற்கு நகர்த்திப் பார்ப்பதே முதற்காரியம்.

இரண்டாவதாக, எஞ்சினை ஓட்டி, விளக்கு, துடைப்பான், மின்னேற்றி ஆகியவற்றை ஒவ்வொன்றாக இயக்கியும் நிறுத்தியும் பார்க்க வேண்டும்.

மூன்றாவதாக, வானொலியின் ஏரியலைக் கழற்ற வேண்டும். இரைச்சல் மறைந்தால் அது காற்றுவழியே ஏரியலை அடைகிறது. மறையாவிட்டால் பெரும்பாலும் மின்கம்பிவழியே வருகிறது. தனி பாட்டரி ஒன்றைக் கொண்டு பெட்டியை இயக்கினால் இம்முடிவு உறுதிப்படும்.

நான்காவதாக, மல்டிமீட்டரை மாறுமின்சார அளவில் வைத்து, ஒரு மைக்ரோபாரட் மின்தேக்கியைத் தொடரில் சேர்த்து, பாட்டரி முனைகளில் அளக்க வேண்டும். மின்தேக்கி நேர்மின்சாரத்தைத் தடுத்துப் பொய்யான அளவைத் தவிர்க்கும். அளவு அரை வோல்ட்டிற்கு மேற்பட்டால் டையோடு பழுதாகியிருக்கலாம்.

வடிகட்டியின் கணக்கு

மின்கம்பிவழி வரும் இரைச்சலைத் தடுக்க, தொடரில் ஒரு சோக்குச் சுருளும், அதற்கப்பால் குறுக்கே ஒரு மின்தேக்கியும் போதும். சுருள் விரைந்த மாற்றத்தை எதிர்க்கும். மின்தேக்கி எஞ்சிய அலையைத் தரைக்கம்பிக்குத் திருப்பிவிடும். ஒரு மில்லிஹென்றி சுருளும் 2,200 மைக்ரோபாரட் மின்தேக்கியும் சேர்ந்த அமைப்பின் ஒத்ததிர்வு எண் ஏறக்குறைய 107 ஹெர்ட்ஸ். கணக்கின்படி 1,350 ஹெர்ட்ஸ் அலையை இது சுமார் 158-இல் ஒரு பங்காகக் குறைக்கும். உறுப்புகளின் மின்தடையால் நடைமுறையில் பயன் சற்றுக் குறையும்.

ஆனால் ஆல்டர்னேட்டரில் ஒரு டையோடு கெட்டுவிட்டால் நிலைமை மாறுகிறது. அப்போது ஒரு சுற்றுக்கு ஆறு என்ற கணக்கில், 225 ஹெர்ட்ஸ் அளவில், ஆழமான அலை எழும். அதே வடிகட்டி அதனை ஏறக்குறைய மூன்றரையில் ஒரு பங்காக மட்டுமே குறைக்கும். பழுதை விட்டுவிட்டு வடிகட்டியைப் பெரிதாக்கிக்கொண்டே செல்வது வீண். இடையில் பாட்டரி போதிய மின்னேற்றம் பெறாமல் வண்டி வழியில் நின்றுவிடவும் கூடும். துருப்பிடித்த தரையிணைப்பும் இத்தகையதே. அதனைச் சுரண்டித் துலக்கி இறுக்கினாலே இரைச்சல் பலவேளை நின்றுவிடும்.

தீப்பொறி இரைச்சலுக்கு மின்தடை அமைந்த பிளக்குகளும் உயரழுத்தக் கம்பிகளும் ஏற்றவை. மின்னேற்றியின் சீற்றத்திற்கு அதன் கம்பியின்மேல் பெரைட் வளையம் மாட்டலாம். கருவியின் முனையிலேயே 0.1 மைக்ரோபாரட் மின்தேக்கியை மிகக் குட்டையான கம்பிகளால் இணைப்பதும் பயன் தரும். கம்பி நீண்டால் அதுவே சுருளாகி மின்தேக்கியின் பயனைக் கெடுக்கும்.

எச்சரிக்கை

எஞ்சின் ஓடும்போது பாட்டரியை ஒருபோதும் கழற்றலாகாது. எழும் மின்னழுத்தம் கருவிகளை அழிக்கும். மின்தேக்கி குறைந்தது 25 வோல்ட்டு தாங்குவதாக இருக்க வேண்டும். அதன் முனைகள் மாறக் கூடாது. சுருள் ஒலிபெருக்கியின் முழு மின்னோட்டத்தையும் தாங்க வேண்டும். பாட்டரிக்கு அருகிலேயே பியூஸ் அமைத்தல் அவசியம். காற்றுப்பைகளின் கம்பிகளைத் தொடலாகாது.

வகுப்பறையில்

ஆசிரியர்கள் இதனை எளிதில் செய்துகாட்டலாம். மத்திய அலையில் நிலையம் இல்லாத இடத்தில் வைத்த சிறு டிரான்ஸிஸ்டர் வானொலியை, இயங்கும் கைப்பேசி மின்னேற்றியின் அருகே கொண்டுசென்று, பின் மெல்ல விலக்கி, இரைச்சல் ஏறி இறங்குவதை மாணவர்களைக் கேட்கச் செய்யலாம். பெட்டியைத் திருப்பும்போதும் ஓசை மாறும். உள்ளிருக்கும் பெரைட் தண்டு திசையை உணர்வதே காரணம். இதே பெட்டி வண்டியினுள்ளும் பிறப்பிடத்தைத் தேடும் கருவியாகப் பயன்படும். இரைச்சலின் வழியை முதலில் அறிந்து, பழுதைச் சீராக்கி, எஞ்சியதை மட்டும் வடிகட்டுவதே முறையாகும்.