மீந்த சோறு யார் கணக்கில்?

கொன்பினி என்று ஜப்பானியர்கள் அழைக்கும் சிறு கடைகளில் ஒனிகிரி விற்பார்கள். முக்கோணமாகப் பிடித்த சோற்றுக் கவளம் அது. உள்ளே மீனோ உப்பில் ஊறிய புளிப்புப் பழமோ இருக்கும், வெளியே கறுத்த கடற்பாசித் தாள். உறையின்மேல் 1, 2, 3 என்று எண் அச்சிட்டிருக்கும். முதல் எண்ணில் உள்ள நாடாவைப் பிடித்து இழுத்தால் உறை நடுவே பிளக்கும். மற்ற இரண்டு மூலைகளையும் பக்கவாட்டில் உருவினால், அதுவரை இரு படலங்களுக்கு இடையில் ஈரம் படாமல் இருந்த தாள் சோற்றின்மேல் வந்து ஒட்டும். எத்தனையோ மணி நேரத்துக்கு முன் பிடித்த கவளமாக இருந்தாலும் தாள் நமுத்திருக்காது. தாளைத் தனியே வைக்கும் உறையுடன் செவன்-இலெவன் இதை 1978-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று ஜப்பான் முழுவதும் 55 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொன்பினிகள் இருக்கின்றன. இரவு பகல் எந்நேரமும் பெரும்பாலானவற்றில் சோறு கிடைக்கும். கடையில் வாங்கிச் சாப்பிடுவது பெருகுகிறது என்று பேச்செடுத்தால், வீட்டில் அடுப்பு எரிவதில்லையே என்ற கவலையில்தான் அது முடிகிறது. எனக்கு அந்தக் கவலை பெரிதாகப் படவில்லை. விற்காமல் மீந்துபோகும் சோற்றின் நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்றுதான் கேட்க வேண்டும். ஜப்பானில் அதற்கான விடை கணக்கு எழுதும் முறையிலேயே இருக்கிறது.

முதலில் அடுப்பு விஷயத்தை முடித்துவிடலாம். 1974 மே மாதம் டோக்கியோவின் டொயோசு பகுதியில் முதல் செவன்-இலெவன் திறந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த வியாபார முறை. அந்தக் கடையில் சோறு விற்கலாம் என்று, செவன்-இலெவனை ஜப்பானில் கட்டியெழுப்பிய தொஷிஃபுமி சுசுகி யோசனை சொன்னபோது, இதையெல்லாம் வீட்டிலேயே செய்துகொள்வார்கள், யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று எதிர்ப்பு வந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். எதிர்த்தவர்கள் சொன்னது அன்றைய வீட்டுக்குச் சரி. வீடுதான் மாறிப்போனது. 1980-இல் ஜப்பானிய வீடுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஒரே ஆள் வாழ்ந்தார். 2020 கணக்கெடுப்பில் அது 38 சதவீதம். நாலு பேருக்குக் குழம்பு வைப்பதற்கும் ஒருவருக்கு வைப்பதற்கும் ஆகும் நேரத்தில் அதிக வித்தியாசம் இல்லை. ஒருவருக்காக வாங்கிய முட்டைக்கோஸ் பாதி வாடிப்போகும். சோம்பேறித்தனம் என்று இதைச் சொல்கிறவர்கள், முன்பு அந்த நேரம் பெரும்பாலும் பெண்களிடமிருந்து கூலியில்லாமல் எடுக்கப்பட்டது என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. வரியும் தன் பங்குக்கு லேசாகத் தள்ளிவிட்டது. 2019 அக்டோபரிலிருந்து அதே பென்டோ என்ற பெட்டிச் சாப்பாட்டைக் கடைக்குள் உட்கார்ந்து சாப்பிட்டால் 10 சதவீதம், கையில் எடுத்துப்போனால் 8 சதவீதம்.

ஆள் கூடினால் மட்டும் போதாது. சோறு கெடாமல் வந்து சேர வேண்டும். சோற்றை 5 டிகிரியில் வைத்தால் கெட்டிப்பட்டுவிடும், அறை வெப்பத்தில் விட்டால் ஊசிவிடும். அதனால் சோற்று வகைகளுக்கென்றே 20 டிகிரி வண்டி தனியாக ஓடுகிறது. ஒரே வட்டாரத்தில் நெருக்கமாகக் கடைகளைத் திறந்து, சுற்றுவட்டாரத் தொழிற்சாலையிலிருந்து ஒரு நாளில் மூன்று முறை கொண்டுவந்து இறக்குவது செவன்-இலெவன் நிலைநிறுத்திய வழக்கம். எது எப்போது எத்தனை விற்றது என்பது கல்லாவிலேயே பதிவாகிறது. நாளைக்கு மழையா, பக்கத்துப் பள்ளியில் விளையாட்டு விழாவா என்று பார்த்து, பகுதிநேர ஊழியர்கள்கூட ஆர்டர் அளவைத் தீர்மானிக்கிறார்கள். வாடிக்கையாளர் கொடுக்கும் காசில் ஒரு பங்கு இந்த ஊகத்துக்குத்தான் போகிறது.

ஊகம் தவறலாம். மதுரையிலோ திருச்சியிலோ ஒரு மெஸ் வாசலில் மதியம் இரண்டு மணிக்கு ‘சாப்பாடு தீர்ந்துவிட்டது’ என்று பலகை தொங்கினால் அது கடைக்குப் பெருமை. கொன்பினியில் காலி அடுக்கு குற்றம். இருந்தால் விற்றிருக்குமே என்ற கற்பனை நஷ்டத்துக்கு அந்தத் தொழிலில் தனிப் பெயரே உண்டு. இரவு பதினொரு மணிக்கு வருகிறவருக்கும் அடுக்கு நிறைந்து தெரிய வேண்டுமென்றால், மீதமாகும் என்று தெரிந்தே ஆர்டர் போட்டாக வேண்டும். உண்ணத்தகுந்த நேரம் முடிவதற்குச் சற்று முன்பே விற்பனைக் கெடு முடிகிறது. அதன்பின் பொருளை நீட்டினால் கல்லா ஏற்க மறுக்கும். இன்னும் சாப்பிடக்கூடிய சோறு அந்த நிமிடத்திலிருந்து குப்பை.

இதன் நஷ்டத்தைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்குப் போடலாம். பெரும்பாலான கடைகளைத் தனிமனிதர்கள் ஒப்பந்தத்தில் நடத்துகிறார்கள். மொத்த லாபத்தில் ஒரு பங்கு தலைமை நிறுவனத்துக்குப் போகும். எளிமைக்காகப் பாதி என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் ஒனிகிரி ஒன்று 70 யென் வீதம் பத்து வாங்குகிறார், 100 யென்னுக்கு விற்கிறார். எட்டு போயிற்று, இரண்டு மீந்தது. வரவு 800, செலவு 700, லாபம் 100, ஆளுக்கு 50 என்றுதான் யாரும் கணக்கிடுவார்கள். ஆனால் கொன்பினி ஒப்பந்தங்களில் பரவலான முறைப்படி, வீசியெறிந்த பொருளின் கொள்முதல் விலை லாபக் கணக்கில் கழிவதில்லை. விற்ற எட்டின் செலவு 560 மட்டும் கழிந்து லாபம் 240 ஆகிறது. தலைமைக்கு 120. கடைக்காரர் தன் 120-லிருந்து வீணான இரண்டுக்கு 140 கொடுத்து, 20 யென் நஷ்டத்தோடு நிற்கிறார். கூலியும் மின்கட்டணமும் இனிமேல்தான். இப்போது அந்த இரண்டையும் பாதி விலைக்குத் தள்ளிவிட்டார் என்று வையுங்கள். வரவு 900, செலவு 700, லாபம் 200, ஆளுக்கு 100. கடைக்காரருக்கு 120 யென் முன்னேற்றம். தலைமைக்கோ 20 யென் குறைவு. சோறு குப்பைக்குப் போனால் தலைமைக்கு லாபம் கூடுகிறது. யாருடைய கெட்ட எண்ணமும் இதற்குத் தேவையில்லை, கூட்டல் கழித்தல் போதும்.

கெடு நெருங்கிய சோற்றை விலை குறைத்து விற்கக் கடைக்காரர்களை விடாமல் தடுப்பது நியாயமற்றது என்று ஜப்பானின் நியாய வர்த்தக ஆணையம் 2009 ஜூனில் செவன்-இலெவன் ஜப்பானுக்கு எதிராக உத்தரவு போட்டது. வீணாகும் பொருளின் கொள்முதல் விலையில் 15 சதவீதத்தை இனித் தானே ஏற்பதாக நிறுவனம் அதன்பின் அறிவித்தது. விலைக்குறைப்புக்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் வலுவில்லாதது அல்ல: ஆறு மணிக்குப் பாதி விலை என்று தெரிந்தால் ஐந்து மணிக்கு யார் வாங்குவார், பக்கத்துக் கொன்பினியும் குறைத்தால் போட்டியில் இருவரும் கவிழ்வார்களே என்பது. ஆனால் அதே நாட்டின் சூப்பர் மார்க்கெட்டுகள் மாலையானால் பொரியல் வறுவல் தட்டுகளில் முதலில் இருபது சதவீதம், பிறகு பாதி விலை என்று ஸ்டிக்கர் ஒட்டுவது வெகுகால வழக்கம். முழு விலைக்கு வாங்குகிறவர்கள் அதனால் மறைந்துவிடவில்லை. பசித்தவர் கடிகாரம் பார்த்துக் காத்திருப்பதில்லை. ஆர்டர் போட்டவர் கடைக்காரர், நஷ்டமும் அவருடையதுதானே என்பது இன்னொரு வாதம். விலையையும் அவரே வைக்க முடிந்தால் அது சரி. அளவைத் தீர்மானிக்கும் பொறுப்பு மட்டும் கொடுத்துவிட்டு விலையைக் கட்டிப்போட்டால், அவர் வியாபாரியும் இல்லை, சம்பளக்காரரும் இல்லை.

வீட்டில் மட்டும் சோறு வீணாவதில்லையா என்று கேட்பவர்களின் கேள்விதான் எனக்குக் கனமாகப் படுகிறது. 2022 நிதியாண்டில் ஜப்பானில் சாப்பிடக்கூடிய நிலையில் வீணான உணவு 47 லட்சத்து 20 ஆயிரம் டன். அதில் சரிபாதி வீடுகளில் வீணானது. சில்லறைக் கடைகள் எல்லாவற்றையும் சேர்த்தாலே சுமார் 5 லட்சம் டன்தான். ஆகவே கொன்பினி சோறு ஜப்பானைக் குப்பைமேடாக்கிவிட்டது என்று சொல்வது அபாண்டம். தனி ஆள் அளந்து வாங்கியதால் வீட்டில் வாடாமல் தப்பிய காய்கறியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனால் வீட்டில் வீணாக்கியவர் தன் காசைத்தான் வீணாக்கினார், அடுத்த முறை குறைத்து வாங்குவார். கொன்பினியில் தாராளமாக அடுக்கச் சொல்கிறவருக்கு அந்த வலி தெரியாது. என் குறை சோற்றின் அளவைப் பற்றியது அல்ல, பில் போய்ச் சேரும் முகவரியைப் பற்றியது.

உணவு விரயத்தைக் குறைக்கும் சட்டம் 2019-இல் வந்தபின் காற்று கொஞ்சம் மாறியிருக்கிறது. 2025-இல் ஃபேமிலிமார்ட், கண்ணீர் ததும்பும் ஒனிகிரி முகம் ‘காப்பாற்றுங்கள்’ என்று கெஞ்சுவது போன்ற தள்ளுபடி ஸ்டிக்கரை நாடெங்கும் கொண்டுவந்தது. படம் அழகு. குளிரூட்டி வைத்து மைக்ரோவேவில் சூடாக்கும் பென்டோக்கள் அதிக நேரம் தாங்குகின்றன. அதனாலும் வீண் குறையும். இவை எதிலும் லாபப் பங்கீட்டின் சூத்திரத்தைத் தொட வேண்டியதில்லை என்பது தலைமை நிறுவனங்களுக்கு வசதி. லாபத்தைப் பிரிக்கும் அதே விகிதத்தில் வீணானதையும் பிரிக்கலாமே என்றால், கடைக்காரர்கள் கண்மூடித்தனமாக ஆர்டர் போடுவார்கள் என்று பதில் வரும். மேலே போட்ட கணக்கையே திரும்பப் பார்க்கலாம். வீணானதையும் பிரிக்கும் முறையில் எட்டே வாங்கி எட்டையும் விற்றால் கடைக்காரருக்கு 120 யென். பத்து வாங்கி இரண்டை வீசினால் 50. ஒரு வேளைக்கு 70 யென் கையை விட்டுப் போவது எந்தக் கடைக்காரருக்கும் உறைக்கும். புதிதாக இருப்பது, அதே இரண்டுக்காகத் தலைமையின் கையிலிருந்தும் 70 யென் போகும் என்பது மட்டும்தான்.